இருக்கும் பெயரை 'இல்லை' என்று சொன்ன கம்ப்யூட்டர்! - இண்டெக்ஸ் தேடலும் புரோகிராம் மாற்றத்தைச் சரிபார்த்தலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஒரு விஷயத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். தேடல் கட்டத்தில் ஒரு பெயரைக் கொடுக்கிறோம். 'அப்படி எதுவும் இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. சரி, இல்லை போலிருக்கிறது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தேடப்பட்ட பெயர் உள்ளே பத்திரமாக இருந்தும், கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொல்ல முடியுமா? முடியும். மதுரையில் நானும் என் நண்பரும் எழுதிய ஒரு சிறிய புரோகிராமில் இது நடந்தது. அதில் என் தவறும் உண்டு. அந்த அனுபவத்தை வைத்து, டேட்டாபேஸ் இண்டெக்ஸ் என்றால் என்ன, அது எப்படித் தேடுகிறது, அதில் ஒரு மாற்றம் செய்தால் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று இந்தப் பாடத்தில் காண்போம். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழு துண்டுக் காகிதங்களும் ஒரு பேனாவும் இருந்தால் போதும்.

டேட்டாபேஸ் உங்கள் வீட்டிலும் இருக்கிறது

டேட்டாபேஸ் என்றவுடன் வங்கி, ரயில்வே முன்பதிவு என்று பெரிய இடங்களை நினைக்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ் அல்லது குரோம் பிரவுசர் இருந்தால், நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியல் எஸ்கியூலைட் என்னும் சிறிய டேட்டாபேஸில்தான் பதிவாகிறது. ஆண்ட்ராய்ட் போனில் உள்ள தொடர்பு எண்களும் இதே வகைப் பைலில்தான் உள்ளன. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த எஸ்கியூலைட், இலவசமாகக் கிடைப்பது. தனி சர்வர் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பைலில் எல்லா டேட்டாவும் அடங்கிவிடும்.

இரண்டு வகைத் தேடல்

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திற்குப் போகிறீர்கள். உங்கள் ஊர்ப் பேருந்து எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. முதல் நடைமேடையில் தொடங்கி, ஒவ்வொரு பேருந்தின் பெயர்ப்பலகையையும் படித்துக்கொண்டே கடைசி வரை நடக்கலாம். நேரம் ஆகும், ஆனால் பேருந்து இருந்தால் நிச்சயம் கண்ணில் படும். டேட்டாபேஸில் இதை முழுத் தேடல் என்கிறோம்.

இன்னொரு வழி உண்டு. ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தி, எதிரே நடைமேடை எண்ணை எழுதிய ஒரு பலகை இருந்தால், அதைப் பார்த்து நேராக அந்த இடத்திற்குப் போய்விடலாம். இந்தப் பலகைதான் இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவும் இதுவே. 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற ஓர் இடத்தில், புத்தகப் பட்டியலைப் பார்க்காமல் அலமாரி அலமாரியாகத் தேடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பலகை வேறு, பேருந்துகள் வேறு. பலகை தவறாக இருந்தால், பேருந்து நின்றுகொண்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸ் எப்படி இவ்வளவு வேகம்?

இப்போது துண்டுக் காகிதங்களை எடுங்கள். கீழே உள்ள ஏழு பெயர்களை எழுதி, இதே வரிசையில் மேசை மீது வையுங்கள்.

1. சரவணன்
2. ஜெயந்தி
3. தமிழரசி
4. நாகராஜன்
5. பாண்டி
6. மீனாட்சி
7. வள்ளி

'மீனாட்சி' என்ற பெயரைத் தேட வேண்டும். நடுவில் இருக்கும் 4-ஆவது காகிதத்தைப் பாருங்கள். நாகராஜன். வரிசைப்படி 'மீ', 'நா'வுக்குப் பின்னால் வரும். எனவே இடப்பக்கம் உள்ள மூன்று பெயர்களைப் பார்க்கவே வேண்டாம். மிச்சமுள்ள 5, 6, 7-இல் நடுவில் இருப்பது 6. அதுவே மீனாட்சி. இரண்டே பார்வையில் கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் பட்டியல் பாதியாகக் குறைகிறது. எனவே 1,000 பெயர்கள் இருந்தால் சுமார் 10 பார்வைகள், 10 லட்சம் பெயர்கள் இருந்தால் சுமார் 20 பார்வைகள் போதும். முழுத் தேடலில் 10 லட்சம் பெயர்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையான டேட்டாபேஸ்கள் இதையே சற்று மேம்படுத்திச் செய்கின்றன. பெயர்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று சொல்ல மேலே ஒரு பக்கம், அதற்கும் மேலே ஒரு பக்கம் என்று மரம் போல அடுக்குகின்றன. இதற்குப் பி-ட்ரீ என்று பெயர். போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டார்கள். எஸ்கியூலைட்டில் இப்போது ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட். அடிப்படை அதேதான். 'நான் தேடும் பெயர் இதற்கு முன்னாலா, பின்னாலா?' என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போவது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஒப்பீட்டு விதி. எங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

'ஜ' எங்கே வர வேண்டும்?

தமிழ் அகராதியில் அ முதல் ஔ வரை, பிறகு க, ங, ச, ஞ என்று 18 மெய் வரிசை. கடைசியில் வருவன ழ, ள, ற, ன. வடமொழி எழுத்துகளான ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை வரிசையின் முடிவில் வைப்பது தமிழில் வழக்கமான முறைகளில் ஒன்று.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ச என்பது 2970, ஜ என்பது 2972, ஞ என்பது 2974, த என்பது 2980, ந என்பது 2984, ன என்பது 2985, ப என்பது 2986. பார்த்தீர்களா? 'ஜ' எழுத்து 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் வர வேண்டிய 'ன', 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டின் அமைப்பை யூனிகோட் பின்பற்றியதால் வந்த வரிசை இது.

எனவே எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், மேலே நீங்கள் அடுக்கியது போல ஜெயந்தி இரண்டாவதாக வருவார். அகராதி முறையில் வரிசைப்படுத்தினால், வள்ளிக்குப் பிறகு கடைசியாக வருவார். இரண்டில் எது சரி என்பது வேறு விவாதம். ஒரே இண்டெக்ஸில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதுதான் இங்கே பாடம்.

எங்கள் புரோகிராமில் நடந்தது

மதுரையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ரத்ததானம் செய்பவர்களின் பெயர், ஊர், ரத்த வகை, போன் எண் ஆகியவற்றை ஒரு தன்னார்வக் குழு நோட்டில் எழுதி வைத்திருந்தது. சுமார் 2,400 பெயர்கள். விடுமுறை நாள்களில் உட்கார்ந்து, எஸ்கியூலைட் டேட்டாபேஸில் இதற்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். எஸ்கியூலைட்டில் ஒப்பீட்டு விதியை நாமே எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பில் எண் வரிசையையே விதியாக எழுதி, 'தமிழ்வரிசை' என்று பெயர் வைத்தோம். பின்னால் சரி செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அச்சிட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஜெயந்தியும் ஜெயராஜும் தமிழரசிக்கு முன்னால் வருகிறார்களே, இது அகராதி வரிசை இல்லையே" என்றார். நியாயமான குறை. நண்பர் விதியை மாற்றி எழுதினார். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே சேர்ப்பது சாப்ட்வேர் துறையில் வழக்கம். இதை ரிவ்யூ என்பார்கள். மாற்றங்களில் நீக்கப்படும் வரிக்கு முன் கழித்தல் குறியும், சேர்க்கப்படும் வரிக்கு முன் கூட்டல் குறியும் இருக்கும். எனக்கு வந்த மாற்றத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

தமிழ்வரிசை விதி:
– இரு பெயர்களையும் யூனிகோட் எண்ணின்படி ஒப்பிடு
+ இரு பெயர்களையும் அகராதி வரிசையின்படி ஒப்பிடு

படித்தேன். புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, 50 பெயர்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஜெயந்தி கடைசியில் வந்தார். தேடினால் கிடைத்தார். 'சரி, சேர்க்கலாம்' என்று எழுதிவிட்டேன். புதிய பதிப்பு குழுவினரின் கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

அடுத்த வாரம் ஆசிரியர் போன் செய்தார். "பட்டியல் முன்பு போலவேதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் வேறு இடத்தில் வருகிறார்கள்." புதிய பதிப்பைச் சரியாக நிறுவவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். அதுதான் முதல் எச்சரிக்கை. நாங்கள் காதில் வாங்கவில்லை.

பிறகு ஓர் இரவு. ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த வகைக்காரர் ஒருவர் பட்டியலில் இருப்பது குழு ஒருங்கிணைப்பாளருக்கு நினைவில் இருந்தது. அவரை இங்கே ஜெயந்தி என்றே வைத்துக்கொள்வோம். பெயரைக் கொடுத்துத் தேடினார். 'இல்லை' என்றது புரோகிராம். எழுத்துப் பிழையோ என்று நான்கு விதமாக அடித்துப் பார்த்தார். இல்லை. கடைசியில் பழைய நோட்டைத் தேடி எடுத்து, எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தார்கள். அவர் வந்தார், ரத்தம் கிடைத்தது. ஆனால் இடையில் போன 40 நிமிடங்கள் எங்கள் கணக்கில்தான் சேரும்.

என்ன நடந்தது? நீங்களே தேடிப் பாருங்கள்

மேசை மீது உள்ள காகிதங்களை இடம் மாற்ற வேண்டாம். அதுதான் பழைய இண்டெக்ஸ். பைலில் அப்படியேதான் இருந்தது. மாறியது உங்கள் மனதில் உள்ள விதி மட்டும். இனி 'ஜ' எல்லாவற்றுக்கும் கடைசி. இப்போது ஜெயந்தியைத் தேடுங்கள்.

முதல் பார்வை: 4, நாகராஜன். புதிய விதிப்படி ஜெயந்தி இவருக்குப் பின்னால் வர வேண்டும். வலப்பக்கம் போகிறோம்.

இரண்டாம் பார்வை: 6, மீனாட்சி. இவருக்கும் பின்னால். மீண்டும் வலப்பக்கம்.

மூன்றாம் பார்வை: 7, வள்ளி. இவருக்கும் பின்னால். ஆனால் அங்கே எதுவும் இல்லை. முடிவு: 'இல்லை'.

ஜெயந்தி 2-ஆம் இடத்தில் இருக்கிறார். அந்தப் பக்கமே நாம் போகவில்லை.

இதோடு முடியவில்லை. தமிழரசியைத் தேடுங்கள். அவருடைய பெயரில் 'ஜ' இல்லை. 4-ஆவது நாகராஜனுக்கு முன்னால் வர வேண்டும், எனவே இடப்பக்கம். அங்கே நடுவில் இருப்பது 2, ஜெயந்தி. புதிய விதிப்படி தமிழரசி ஜெயந்திக்கு முன்னால் வர வேண்டும். எனவே மீண்டும் இடப்பக்கம். அங்கே சரவணன் மட்டும் இருக்கிறார். அவருக்குப் பின்னால்தான் தமிழரசி வர வேண்டும், ஆனால் தேடும் பகுதி முடிந்துவிட்டது. முடிவு: 'இல்லை'. ஒரு பெயர் தவறான இடத்தில் இருந்தால், அதைச் சுற்றியுள்ளவையும் தொலைந்து போகும்.

பாதிப்பு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. 'இல்லை' என்றதால் சிலரைக் குழுவினர் மீண்டும் பதிவு செய்தார்கள். ஒரே பெயரும் எண்ணும் இரு முறை வரக் கூடாது என்ற தடையை நாங்கள் வைத்திருந்தோம். அந்தத் தடையும் இதே இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. பழைய பதிவு அதன் கண்ணில் படவில்லை. இரட்டைப் பதிவை அனுமதித்துவிட்டது.

எப்படிச் சரி செய்தோம்?

இண்டெக்ஸை அழித்துவிட்டு, புதிய விதிப்படி மீண்டும் கட்ட எஸ்கியூலைட்டில் ரீஇண்டெக்ஸ் என்ற ஒரே கட்டளை போதும். ஒப்பீட்டு விதி மாறினால் பயன்படுத்துவதற்காகவே அந்தக் கட்டளை இருக்கிறது. ஆனால் முதல் முறை கொடுத்தபோது பிழைச் செய்தி வந்தது. காரணம், இரட்டைப் பதிவுகள். அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்கிய பிறகே புதிய இண்டெக்ஸ் கட்ட முடிந்தது. வேலைக்கு முன் டேட்டாபேஸ் பைலை வேறு பெயரில் காப்பி செய்து வைத்துக்கொண்டோம். இதை மட்டும் சரியாகச் செய்தோம்.

பெரிய இடங்களிலும் இது நடந்தது

நாம் இரண்டு பேர் எழுதிய புரோகிராம், அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் ஜிலிப்ஸி என்னும் அடிப்படை நூலகத்தின் 2.28 பதிப்பு வெளியானது. அதில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் சர்வதேசத் தரத்திற்கேற்பப் புதுப்பிக்கப்பட்டன. எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஆங்கில அமைப்பில் '11', '1-1' என்ற இரண்டையும் பழைய பதிப்பு '11' முதலில் வருமாறு வரிசைப்படுத்தும். புதிய பதிப்பில் '1-1' முதலில் வரும். நம் ஊர்க் கதவு எண்கள் எத்தனை இப்படி எழுதப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

போஸ்ட்கிரஸ் என்னும் புகழ்பெற்ற இலவச டேட்டாபேஸ், வரிசை விதிக்கு இந்த நூலகத்தை நம்பியிருந்தது. லினக்ஸைப் புதுப்பித்தவர்களின் டேட்டாபேஸ்களில் ஒரு வரி கூட மாறவில்லை. ஆனால் எழுத்துகள் கொண்ட இண்டெக்ஸ்கள் நம்பத் தகாதவை ஆகிவிட்டன. மீண்டும் கட்டுங்கள் என்று போஸ்ட்கிரஸ் குழுவினர் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்பில், டேட்டாபேஸ் உருவானபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைக் குறித்து வைத்து, அது மாறியிருந்தால் எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

இன்னொரு நிகழ்வு. 2021 செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரஸ் 14-இல், மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இண்டெக்ஸ் கட்டும் வசதியில் ஒரு மாற்றம் இருந்தது. பழைய குப்பைகளைச் சுத்தம் செய்யும் பணி அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டது. ஆனால் அதனால் சில வரிகள் இண்டெக்ஸில் ஏறாமலே விடுபடக்கூடும் என்று பின்னர் தெரிந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. 2022 ஜூன் 16 அன்று, வழக்கமான வெளியீட்டு நாள் வரை காத்திருக்காமல் 14.4 பதிப்பை வெளியிட்டு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். அனுபவம் மிக்கவர்கள் பலர் படிக்கும் இடத்திலும் இப்படி ஒன்று தப்பிவிட முடிகிறது.

இண்டெக்ஸ் மாற்றத்தைச் சரிபார்க்க ஆறு கேள்விகள்

அந்த இரவுக்குப் பிறகு, இண்டெக்ஸ் தொடர்பான மாற்றம் எது வந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் இவை.

1. எழுதும்போது உள்ள விதியும் தேடும்போது உள்ள விதியும் ஒன்றுதானா? ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

2. பழைய பைலுக்கு என்ன ஆகும்? காலி டேட்டாபேஸில் சோதித்தது சோதனை ஆகாது. முந்தைய பதிப்பில் உருவான பைலைப் புதிய பதிப்பில் திறந்து தேடிப் பார்க்க வேண்டும். விதி மாறினால் அதன் பெயரும் மாற வேண்டும். 'தமிழ்வரிசை'யை மாற்றாமல் 'தமிழ்வரிசை2' என்று புதிதாக எழுதியிருந்தால், பழைய இண்டெக்ஸ் பழைய விதியோடு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்.

3. முழுத் தேடலும் இண்டெக்ஸ் தேடலும் ஒரே விடை தருகின்றனவா? எஸ்கியூலைட்டில் இண்டெக்ஸைப் பயன்படுத்தாதே என்று சொல்லித் தேட வைக்க முடியும். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் போதும். வேறுபட்டால் இண்டெக்ஸ் தவறு. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எங்கள் தவறு அன்றே தெரிந்திருக்கும்.

4. ஓரங்கள் சரியா? முதல் பெயர், கடைசிப் பெயர், ஒரே பெயர் உள்ள பட்டியல், காலிப் பட்டியல், பட்டியலில் இல்லாத பெயர், பெயர் எழுதாத வெற்றுப் பதிவு. தவறுகள் பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை, ஓரத்தில்தான் இருக்கும்.

5. ஒரே பெயர் பல முறை வந்தால்? மதுரைப் பக்கம் பாண்டி என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. அழகர், கண்ணன், சரவணன், பாண்டி, பாண்டி, பாண்டி, பாண்டி, மீனாட்சி, வள்ளி என்ற ஒன்பது பெயர்களில் பாண்டியைத் தேடினால், நடுவில் உள்ள 5-ஆவது பதிவு முதல் பார்வையிலேயே கிடைத்துவிடும். அங்கிருந்து முன்னோக்கி மட்டும் படித்தால் 5, 6, 7 கிடைக்கும். 4-ஆவது பாண்டி விடுபட்டுவிடுவார். முதல் பாண்டி வரை பின்னால் போய், அங்கிருந்து தொடங்க வேண்டும்.

6. பெரிய அளவில் என்ன ஆகும்? 'நடுவைக் கண்டுபிடி' என்பது எளிய வரி. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். ஆனால் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தில் சுமார் 214 கோடி வரைதான் அடங்கும். கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எண் எதிர்மறையாக மாறிவிடும். ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்ததை 2006-இல் ஜோஷுவா பிளாக் சுட்டிக்காட்டினார். அந்த வரிகளை எழுதியவரும் அவரே.

வேகம் கூடியிருக்கிறதா என்பதை இந்த ஆறுக்கும் பிறகுதான் பார்க்க வேண்டும். தவறான விடையை வேகமாகத் தருவதில் பயன் இல்லை.

எக்செல்லில் ஒரு சோதனை

இதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எக்செல்லைத் திறந்து, ஏ1 முதல் ஏ7 வரை உள்ள செல்களில் 10, 70, 20, 30, 40, 50, 60 என்று டைப் செய்திடுங்கள். வேண்டுமென்றே 70-ஐ இடம் மாற்றி வைத்திருக்கிறோம். இன்னொரு செல்லில் மேட்ச் என்னும் பங்ஷனைக் கொடுங்கள். அதற்கு மூன்று தகவல்கள் வேண்டும். தேட வேண்டிய எண் 70, தேட வேண்டிய இடம் ஏ1 முதல் ஏ7, மூன்றாவதாக 0. விடை 2 என்று சரியாக வரும். 0 கொடுத்தால் அதே எண் வேண்டும் என்று பொருள். வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

இப்போது மூன்றாவது தகவலை 1 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். 'பட்டியல் ஏறுவரிசையில் உள்ளது, பாதி பாதியாகத் தேடு' என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். விடை 7 என்று வரும். அங்கே இருப்பது 60. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. வரிசை சரியில்லாத பட்டியலில் வரிசையை நம்பித் தேடினால் இதுதான் நடக்கும். விலைப்பட்டியலுக்கு வி-லுக்அப் பங்ஷன் பயன்படுத்துபவர்கள், கடைசித் தகவலை விட்டுவிட்டால் அதுவும் இப்படித்தான் தேடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் 'இல்லை' என்றால்...

விண்டோஸ் உங்கள் பைல்களுக்கு ஓர் இண்டெக்ஸ் வைத்திருக்கிறது. போல்டரைத் திறந்தால் பைல் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் வரவில்லை என்றால், பைல் தொலையவில்லை. இண்டெக்ஸைச் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் மெனுவில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் என்று டைப் செய்து திறந்திடுங்கள். முதலில் அந்த போல்டர் பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால், அட்வான்ஸ்டு பட்டனைக் கிளிக் செய்து, ரீபில்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைல்கள் அதிகம் இருந்தால் நேரம் ஆகும். முடியும் வரை தேடல் முடிவுகள் அரைகுறையாகவே இருக்கும். உங்கள் பைல்கள் எதுவும் அழியாது, பலகை மட்டும் புதிதாக எழுதப்படும்.

தண்டர்பேர்டில் மெயில்கள் சரியாகத் தெரியாவிட்டால், அந்த போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பிரிவில் உள்ள ரிப்பேர் போல்டர் பட்டனைப் பயன்படுத்தலாம். எந்தச் சாப்ட்வேரைப் புதுப்பிக்கும் முன்னும் டேட்டாவை காப்பி எடுத்து வையுங்கள். புதுப்பித்த பிறகு, நிச்சயம் உள்ளே இருப்பதாக உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பெயர்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் டேட்டா வைத்திருப்பவர்கள் ஜ, ஸ, ன, ற, ழ வரும் பெயர்களையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இந்தப் பாடத்திற்கான பயிற்சி

காகிதங்களைக் கலைக்க வேண்டாம். புதிய விதிப்படி மற்ற ஐந்து பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எத்தனை கிடைக்கின்றன? பிறகு ஜெயந்தியைக் கடைசிக்கு மாற்றிவிட்டு மீண்டும் ஏழு பேரையும் தேடுங்கள். இதைச் செய்து முடித்தால், ரீஇண்டெக்ஸ் என்ன செய்கிறது என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

எங்கள் புரோகிராம் இப்போது தொடங்கும்போதே, பைலில் உள்ள விதியின் எண்ணையும் தன்னிடம் உள்ள விதியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபட்டால் இண்டெக்ஸைக் கட்டிய பிறகே தேட அனுமதிக்கிறது. ஒரு பெயர் கிடைக்காவிட்டால், முழுத் தேடலும் செய்து பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று சொல்கிறது. 2,400 பெயர்களுக்கு அது கண்ணிமைக்கும் நேரம்தான். பட்டியலும் ஆசிரியர் கேட்டபடி அகராதி வரிசையில் வருகிறது. அவர் இப்போது 'ஸ்ரீ' எங்கே வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இந்த முறை பழைய பைலை எடுத்துவைத்துக்கொண்டுதான் மாற்றத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.